பிளாயா தெல் கார்மெனில் நான்கு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

மெக்சிகோவின் கரீபியக் கரையில், கான்கூன் விமான நிலையத்துக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது பிளாயா தெல் கார்மென். ஊருக்குள் பார்க்க அரை நாள் போதும். வண்டிகள் நுழையாத ஐந்தாம் அவென்யூவில் ஒரு நடை. படகுத் துறையை ஒட்டிய ஃபுன்டடோரெஸ் பூங்காவில் 16 மீட்டர் உயர வெண்கல வளைவு. மாலையில் அதே பூங்காவில், உயர்ந்த கம்பத்தின் உச்சியிலிருந்து கயிற்றில் தலைகீழாகச் சுழன்று இறங்கும் வொலதோரெஸ் கலைஞர்கள். அவ்வளவுதான். ஊர் நடுவாக அமைந்திருக்கிறது என்பதற்காகத்தான் இங்கே அறை எடுக்கிறார்கள். தெற்கே துலும், காட்டுக்குள் கோபா, இன்னும் உள்ளே சிச்சேன் இட்சா என்ற மூன்று பழைய மாயா நகரங்களின் இடிபாடுகள், எதிரே கடலில் கோசுமெல் தீவு, வழிநெடுக செனோட்டே என்கிற நன்னீர்க் குளங்கள் என்று எல்லாவற்றுக்கும் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் பலரும் ஒரே நாளில் மூன்றைத் திணித்துக்கொண்டு, மூன்றையும் சரியாகப் பார்க்காமல் வருகிறார்கள்.

'எது அழகு' என்று கேட்டால் விடை கிடைக்காது, எல்லாம் அழகுதான். 'காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும்' என்று முதலில் கேளுங்கள். இந்த வட்டாரத்தில் காலை 8 மணிக்குப் பார்க்கும் இடம் வேறு, 11 மணிக்குப் பார்க்கும் இடம் வேறு. கான்கூன் ஓட்டல்களில் வாசல் வாசலாக ஆளேற்றிக்கொண்டு கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் பத்தரை, பதினொன்றுக்குத்தான் வந்து சேரும். வெயிலும் அதே நேரத்தில் உச்சிக்கு ஏறும். அந்த இரண்டுக்கும் முன்னால் போய்விட முடிகிற குடும்பத்துக்கும், சிறு பிள்ளைகளைக் கிளப்பி வெளியே வரவே பத்து மணியாகிவிடும் குடும்பத்துக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது.

மாயா இடிபாடுகள்: மூன்றில் ஒன்று போதும்

நான்கு நாளில் இரண்டு இடிபாடுகளுக்கு மேல் வேண்டாம். வரலாற்றில் தனி ஆர்வம் இல்லாதவர்களுக்கு ஒன்றே நிறைவு.

கட்டடங்களுக்காகவே போவதென்றால் சிச்சேன் இட்சாதான். அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. நடுவில் நிற்கும் எல் காஸ்தியோ பிரமிடு, உச்சிக் கோயிலையும் சேர்த்து ஏறத்தாழ 30 மீட்டர். நான்கு பக்கமும் தலா 91 படிகள், மேலே ஒன்று, ஆக 365. வடக்குப் படிவரிசைக்கு எதிரே சற்றுத் தள்ளி நின்று கையைத் தட்டினால், ஒவ்வொரு படியிலும் பட்டுத் திரும்பும் ஒலி ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பறவை கீச்சிடுவது போலக் கேட்கும். பெருங்கூட்டத்தில் இது காதில் விழாது. சீக்கிரம் போவதற்கு இதுவே போதுமான காரணம். பந்தாட்டக் களம் 168 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். மத்திய அமெரிக்கப் பழைய நாகரிகங்கள் விட்டுச்சென்ற களங்களில் இதுவே பெரியது. வடக்கே சில நூறு மீட்டர் நடந்தால் புனித செனோட்டே வரும். அதில் குளிக்க முடியாது, பார்க்கத்தான். பிரமிடின் மேல் ஏறுவதும் பல ஆண்டுகளாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. எத்தனை கெஞ்சினாலும் நடக்காது.

தூரம்தான் இதன் விலை. பிளாயாவிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். சுங்கச் சாலையில் போனாலும் இரண்டரை மணி நேரம். ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு சலுகை இதில் உண்டு. பிளாயா இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் ஒரு மணி நேரம் முந்திய கடிகாரத்தில் ஓடுகிறது. சிச்சேன் இட்சா இருப்பதோ யூக்கடான் மாநிலத்தில். அங்கே கதவு திறக்கும் 8 மணி, உங்கள் ஓட்டல் கடிகாரத்தில் 9 மணி. காலை 6 மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குப் போய்ச் சேருவீர்கள். அங்கே அப்போது ஏழரைதான். வண்டியை நிறுத்தி, வரிசையில் முதலில் நிற்க அரை மணி நேரம் கையில் இருக்கும். நுழைவுக்கு இரண்டு கட்டணங்கள், மத்திய அரசின் தொல்லியல் துறைக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து வெளிநாட்டவருக்கு 600 பெசோவுக்கு மேல் ஆகும், ஆண்டுதோறும் கூடும். இரண்டு சீட்டுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கேட்பார்கள். இரண்டரை மணி நேரம் நிதானமாகச் சுற்றிவிட்டு, பேருந்துகள் வந்து இறங்கும் நேரத்தில் நீங்கள் வெளியே வரவேண்டும்.

திரும்பும் வழியில் இந்த நேரக் கணக்கே ஆளைக் கவிழ்க்கும். மாநில எல்லையில் சில கைபேசிகள் தாமாக மாறும், சில மாறாது. மாலையில் பிளாயாவில் முன்பதிவு ஏதும் இருந்தால் ஒரு மணி நேரத்தை இழக்கிறீர்கள் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பதற்கு அருகிலேயே இக் கில் செனோட்டே இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 26 மீட்டர் கீழே வட்டக் கிணறு போல இறங்கும், மேலிருந்து வேர்கள் தொங்கும். படத்தில் பார்ப்பதற்கு அதுதான் முதலிடம். ஆனால் சிச்சேன் இட்சா பேருந்துகள் எல்லாம் மதிய உணவுக்கு அங்கேதான் திரும்புகின்றன. பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை நீந்த இடம் இருக்காது. அதைவிட, திரும்பும் வழியில் வயாதோலித் நகரத்தின் நடுவிலேயே இருக்கும் சாசி செனோட்டே தேவலை. சுற்றியிருக்கும் பழைய ஸ்பானியத் தெருக்களும் கூடவே கிடைக்கும்.

துலும் இதற்கு நேர் எதிர். கட்டடங்கள் சிறியவை, அங்குள்ள எல் காஸ்தியோவின் உயரம் ஏழரை மீட்டர்தான். ஆனால் 12 மீட்டர் உயரப் பாறை விளிம்பில், கீழே பச்சைக் கடலுடன் நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை செழித்த துறைமுக நகரம் அது. நிலப்புறம் மூன்று பக்கமும் கோட்டைச் சுவர். பிளாயாவிலிருந்து ஒரு மணி நேரம். பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும்; அதற்கு மேல் அங்கே நிற்கவும் முடியாது, மரநிழலே கிடையாது. இடிபாடுகளைச் சுற்றிலும் ஜாகுவார் பூங்காவை அமைத்த பிறகு நுழைவு முறை மாறிவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டணங்கள், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நீண்ட நடை அல்லது மின்வண்டி. 'துலும் என்றால் மலிவு, எளிது' என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். நுழைவாயிலுக்கு வெளியே சட்டையில் அட்டை குத்திக்கொண்டு 'சீட்டு இங்கேதான்' என்று கைகாட்டுபவர்களில் பலர் விற்பது படகுப் பயணத்தோடு சேர்ந்த தொகுப்பு. உங்களுக்குச் சீட்டு மட்டும் போதுமென்றால் நிற்காமல் அரசுக் கவுன்ட்டர்வரை நடந்துவிடுங்கள்.

கோபாவுக்குப் போகிறவர்கள் குறைவு; போனவர்கள் குறை சொல்வதும் குறைவு. துலுமிலிருந்து உள்நாட்டுக்குள் 45 கிலோமீட்டர் அளவு. காட்டு மரங்களின் நிழலிலேயே நடக்கலாம், அல்லது உள்ளே வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிளில் சுற்றலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு மிதித்துக்கொண்டு போகும் மூன்று சக்கர வண்டி உண்டு. மூன்று இடங்களில் பாட்டி, தாத்தாவோடு போகத் தோதானது இதுதான். நுழைவாயிலிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டரில் நொஹோச் முல் பிரமிடு, 42 மீட்டர் உயரம். அதன்மேல் ஏற முன்பு விட்டார்கள், பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தினார்கள். ஏறுவதற்காகவே போகிறவர்கள் கிளம்பும் வாரத்தில் ஓட்டலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கோபாவிலிருந்து மேற்கே யஷுனா வரை 100 கிலோமீட்டர் நீளத்துக்கு மாயர்கள் சுண்ணாம்புக் கல்லால் நேர்கோட்டில் போட்ட வெள்ளைச் சாலையின் தொடக்கத்தையும் இங்கே பார்க்கலாம். அருகே சில கிலோமீட்டரில் மூன்று குகை செனோட்டேகள் உள்ளன. அவற்றில் தம்காச்-ஹாவில் குதிப்பதற்கு மேடைகளே கட்டியிருக்கிறார்கள். கோபாவின் குறை பொதுப் போக்குவரத்துதான். பேருந்துகள் மிகக் குறைவு, கார் இல்லாமல் போனால் நாள் முழுதும் காத்திருப்பில் போய்விடும்.

மூன்றுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்சிகோ குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் தொல்லியல் இடங்களில் மத்திய அரசுக் கட்டணம் கிடையாது. அவர்களுக்கு அது நியாயமான உரிமை. உங்களுக்கு அது கூட்டம். இடிபாடுகளை வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஆறு மணிக்குக் கிளம்ப முடிந்தால் சிச்சேன் இட்சா. கார் இருந்து, கூட்டம் பிடிக்காதென்றால் கோபா. பேருந்திலும் வேனிலும் போகிறவர்களுக்கும் அரை நாள்தான் ஒதுக்க முடியும் என்பவர்களுக்கும் துலும். பத்து மணிக்குமேல்தான் கிளம்ப முடியும் என்றால் கோபாவைத் தவிர மற்ற இரண்டும் வெயிலில் நிற்கும் தண்டனைதான்.

செனோட்டே: எல்லாம் ஒன்றல்ல

யூக்கடான் தீபகற்பத்தின் வடபகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் மேலே ஆறாக ஓடாமல் பாறையைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கி, நிலத்தடியில் குகைகளாக ஓடுகிறது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடம்தான் செனோட்டே. 2018இல் துலும் அருகே சக் அக்தூன், தோஸ் ஓஹோஸ் என்ற இரண்டு நீரடிக் குகைத் தொகுதிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை என்று முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். அப்போதைய அளவில் 347 கிலோமீட்டர். அப்போது அறியப்பட்டிருந்த நீரடிக் குகைகளில் அதுவே நீளமானதாக இருந்தது.

தேர்வு செய்யும்போது பெயரைப் பார்க்காமல் வகையைப் பாருங்கள். கூரை முழுதும் போய்த் திறந்த குளமாக இருப்பவை ஒரு வகை. பிளாயாவுக்குத் தெற்கே நெடுஞ்சாலை ஓரமாகவே அடுத்தடுத்து இருக்கும் அசுல், கிறிஸ்தலினோ, ஹர்தின் தெல் எதென் மூன்றும் இப்படிப்பட்டவை. நீச்சல் தெரியாதவர்கள் ஒருவராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் அசுல் செனோட்டேயைத் தேர்ந்தெடுங்கள். கணுக்கால் ஆழத்தில் தொடங்கும் பகுதிகள் உண்டு, உட்காரப் பாறைகள் உண்டு, சிறு மீன்கள் காலைக் கொத்தும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பாதி குகை, பாதி திறந்த வெளி என்ற வகைக்குத் துலும் அருகே கிரான் செனோட்டே. அழகானது, அதனாலேயே கூட்டம் அதிகம், கட்டணமும் அதிகம். முழுக்குகை வகைக்குத் தோஸ் ஓஹோஸ். அங்கே முகமூடிக் கண்ணாடியோடு குகைக்குள் மிதந்து போகலாம். இருட்டோ நெருக்கமான இடமோ பயம் என்பவர்களை அதற்குள் வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

தண்ணீர் ஆண்டு முழுதும் 24, 25 டிகிரிதான். கேட்கும்போது இதமாகத் தோன்றும். வெளியே 33 டிகிரி வெயிலிலிருந்து இறங்கினால் மெலிந்த பிள்ளைகள் இருபது நிமிடத்தில் நடுங்கத் தொடங்குவார்கள். குகை வகையில் வெயிலும் படாது, ஏறி உட்கார்ந்தாலும் சூடு ஏறாது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று இரண்டு வேலை செய்யும்: குளிரையும் தாங்கும், வெயிலையும் தடுக்கும். ஏனென்றால் சன்ஸ்கிரீன், எண்ணெய், கொசுக்களிம்பு எதையும் பூசிக்கொண்டு இறங்க விடமாட்டார்கள். முதலில் குளியலறைக்கு அனுப்புவார்கள். இது வெறும் கெடுபிடி அல்ல. இந்த வட்டாரத்தின் குடிநீர் இதே நிலத்தடி நீரிலிருந்துதான் வருகிறது. மீதி கடலில் பவளப்பாறைகளின் மேல் போய்ச் சேர்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கிளம்பும் வழக்கம் உள்ளவர்கள் அன்று ஒரு நாள் விட்டுவிடுவது நல்லது.

பிடிப்புள்ள நீர்ச்செருப்பு கட்டாயம். ஈரச் சுண்ணாம்புப் படிகளில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். பணம் பெசோவாக, சில்லறையாக வேண்டும். உயிர்காப்பு உடை சில இடங்களில் கட்டணத்திலேயே அடங்கும், சில இடங்களில் தனி. பெருமழைக்கு மறுநாள் திறந்த குளங்கள் கலங்கிப் பச்சையாக இருக்கலாம், குகைகள் அவ்வளவாகக் கெடாது. இரண்டு நாள் மழை பெய்திருந்தால் திட்டத்தைக் குகை வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரியோ செக்ரெத்தோ என்ற நிலத்தடி ஆறு பிளாயாவுக்கு அருகிலேயே இருக்கிறது. தலைக்கவசம், நீச்சல் உடை கொடுத்து, வழிகாட்டியோடு மட்டும் உள்ளே அனுப்புகிறார்கள். கட்டணம் செனோட்டேக்களைப் போலப் பல மடங்கு. கேமரா கொண்டுபோக முடியாது. படங்களை அவர்களிடமே வாங்கவேண்டும். ஆனால் விழுதுகள் போலத் தொங்கும் சுண்ணாம்புப் படிவங்களை இவ்வளவு நெருக்கத்தில் பார்க்க வேறு எளிய வழி இல்லை. பணம் ஒரு பொருட்டில்லை என்பவர்கள் தோஸ் ஓஹோஸுக்குப் பதில் இதற்கே போகலாம்.

கடல்: பாசி எந்தப் பக்கம் ஒதுங்கும்

வெள்ளை மணலையும் நீலக் கடலையும் படத்தில் பார்த்துவிட்டு வந்து, முழங்கால் அளவு பழுப்புப் பாசியைப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. சர்காசம் என்ற மிதக்கும் பாசி 2011 முதல் அட்லாண்டிக்கில் பெரிய பட்டையாக வளர்ந்து, நீரோட்டத்தோடு கரீபியனுக்குள் வருகிறது. சுமாராக ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அதன் காலம். சில ஆண்டுகளில் முன்னும் பின்னும் நீளும். கரையில் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஓட்டல்கள் விடியற்காலையிலேயே வாரத் தொடங்கும், கடலில் தடுப்பு வலை கட்டும். ஆனாலும் கடல் கொண்டுவரும் வேகத்துக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியாத நாள்கள் உண்டு.

பிளாயா, அக்குமல், துலும் கடற்கரைகள் எல்லாம் கிழக்குப் பார்த்தவை. பாசி நேராக வந்து மோதும். கோசுமெல் தீவின் கிழக்குக் கரையும் அப்படியே. ஆனால் நிலத்தைப் பார்த்திருக்கும் அதன் மேற்குக் கரை, தீவின் மறைவில் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கோசுமெல்லா, பெருநிலக் கடற்கரையா என்ற கேள்விக்கு விடை இந்த ஒன்றில் இருக்கிறது. கோடையில் வருகிறவர்களுக்குக் கோசுமெல் விருப்பத் தேர்வல்ல, கடலில் இறங்க உள்ள நம்பகமான வழி.

பிளாயா துறையிலிருந்து படகு முக்கால் மணி நேரம். ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஒன்றின் சீட்டு மற்றொன்றில் செல்லாது. இருவழிச் சீட்டு வாங்கினால் திரும்பும் நேரமும் அந்த நிறுவனத்தின் அட்டவணைக்குக் கட்டுப்பட்டது. அதனால் கிளம்பும் நேரத்தைப் பார்த்து வாங்காமல், திரும்பும் நேரத்தைப் பார்த்து வாங்குங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகாற்று வீசும் நாள்களில் படகு பலமாக ஆடும். கடுமையானால் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள். வாந்தி வருபவர்கள் மேல்தளத்தில் காற்று வாங்கப் போகாமல், கீழ்த்தளத்தில் பின்பக்கமாக நடுவில் உட்காருங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு.

தீவில் இறங்கியதும் முடிவெடுக்க வேண்டியது ஒன்று: படகுப் பயணமா, சாலைச் சுற்றா. பலன்கார், கொலம்பியா பவளத்திட்டுகள் தீவின் தென்மேற்கில் இருக்கின்றன. 1996 முதல் தேசியக் கடல் பூங்கா. அங்கே நீரோட்டம் ஆளைத் தள்ளிக்கொண்டே போகும். அதனால் நீந்துவதைவிட மிதந்து போவதுதான் வேலை, படகு பின்னாலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். நீச்சல் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கும் உயிர்காப்பு உடையோடு இது எளிது. எல் சியெலோ என்ற ஆழமில்லாத மணல்திட்டில் நட்சத்திர மீன்கள் கிடக்கும். அவற்றைத் தூக்கிப் படமெடுக்காதீர்கள். தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் அவை செத்துப்போகும். சாலைச் சுற்று என்றால் ஸ்கூட்டரைவிட ஜீப்பே மேல். வாடகை ஸ்கூட்டரில் காப்பீடு பெயரளவுக்குத்தான், கிழக்குக் கரைச் சாலையில் குறுக்குக் காற்றும் மணலும் சேர்ந்து ஆளை விழத்தட்டும். கிழக்குக் கரையின் அலைகளைப் பார்த்து ரசிக்கலாம், நீந்தக் கூடாது. பயணக் கப்பல்கள் நாலைந்து ஒரே நாளில் வந்து நிற்கும் தீவு இது. கோசுமெல் துறைமுகத்தின் கப்பல் அட்டவணையை இணையத்தில் பார்த்து, கப்பல் குறைவான நாளைப் பிடியுங்கள்.

அக்குமலில் ஆமைகள் பார்க்கலாம். விரிகுடாவில் கடற்புல் மேயும் பச்சை ஆமைகள் அவை. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடும் உயிர்காப்பு உடையோடும்தான் போகலாம். சாலைமுனையிலேயே வழிமறித்து 'வேறு வழியே கிடையாது' என்று கூடுதல் விலை சொல்பவர்களைத் தாண்டி, கரைக்கே போய் விசாரியுங்கள். பாசி கனமாக இருக்கும் வாரத்தில் அக்குமலை விட்டுவிடலாம், தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது.

இஷ்கரெட்: பணத்துக்குத் தகுமா

பிளாயாவுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில், 1990இல் திறந்த பெரிய பூங்கா இஷ்கரெட். ஒருவருக்கு 100 டாலருக்கு மேல். நிலத்தடி ஆறுகளில் மிதத்தல், மீன் காட்சியகம், பட்டாம்பூச்சிக் கூடம், மாயா கிராமம், இரவில் ஒரு பெரும் மேடை நிகழ்ச்சி. செயற்கை என்று சிலர் ஒதுக்குவார்கள். பாதி உண்மை. வெட்டி ஒழுங்கு செய்த ஆறுகள்தாம், ஆனால் அந்த இடமே போலே என்ற பழைய மாயா துறைமுகம். அங்கிருந்துதான் இஷ்செல் என்ற பெண்தெய்வத்தை வணங்கப் பெண்கள் படகில் கோசுமெல்லுக்குப் போனார்கள். இரவு நிகழ்ச்சியில் இடுப்பால் பந்தைத் தட்டி ஆடும் பழைய ஆட்டத்தையும் தீப்பந்து ஆட்டத்தையும் காட்டுகிறார்கள். சிச்சேன் இட்சாவில் காலியாகப் பார்த்த களம் எதற்கென்று அப்போதுதான் புரியும்.

மூன்று தலைமுறையாக ஒன்றாகப் போகிறீர்கள், காலையில் சீக்கிரம் கிளம்ப முடியாது, கார் ஓட்ட யாருக்கும் விருப்பமில்லை என்றால் கொடுத்த பணத்துக்கு மேல் கிடைக்கும் ஒரே இடம் இதுதான். பத்து மணிக்குப் போனாலும் இரவு நிகழ்ச்சிவரை இருக்கலாம். இளைஞர்கள், நீந்தத் தெரிந்தவர்கள், ஆறு மணிக்கு எழக்கூடியவர்கள் இந்தப் பணத்தில் உண்மையான செனோட்டேகள் நாலைந்து பார்த்துவிடலாம். போவதென்றால் உணவும் முகமூடிக் கண்ணாடியும் பெட்டகமும் சேர்ந்த சீட்டா, வெறும் நுழைவா என்று கணக்குப் போட்டு இணையத்தில் முன்கூட்டி வாங்குங்கள், வாசலில் விலை கூடுதல். நிகழ்ச்சியைப் பாதியில் விட்டு வராதபடி அன்று மதியம் ஓய்வெடுங்கள். பிள்ளைகள் எட்டு மணிக்குள் தூங்கிவிடுவது இங்கே வழக்கமான விபத்து.

எதில் போவது

நெடுஞ்சாலை 307இல் வடக்கு தெற்காக ஓடும் கொலெக்டிவோ வேன்கள்தான் மலிவு. பிளாயாவின் 2ஆம் தெருவில் ஏறலாம், ஆள் நிரம்பியதும் கிளம்பும். 'செனோட்டே அசுல்' என்று சொன்னால் வாசலில் இறக்கிவிடுவார்கள். இறங்கும்போது பெசோவில் கொடுங்கள். சிக்கல் திரும்பும்போதுதான். பிளாயா திசைக்கு ஏற, நடுவே தடுப்புள்ள வேகச் சாலையைக் கடக்கவேண்டும். மாலை ஐந்துக்குமேல் வேன்கள் நிரம்பி வந்து நிற்காமலே போகும். பிள்ளைகளோடு இருப்பவர்கள் நாலு மணிக்கே சாலைக்கு வந்துவிடுங்கள். டாக்சி என்றால் ஏறுமுன் தொகையைப் பேசி முடியுங்கள். துலுமுக்கும் இப்போது மாயா ரயில் ஓடுகிறது. ஆனால் நிலையங்கள் ஊருக்கு வெளியே இருப்பதால் இவ்வளவு குறுகிய தூரத்துக்கு அது பயனில்லை.

கோபாவும் சிச்சேன் இட்சாவும் பட்டியலில் இருந்தால் அந்த நாளுக்கு மட்டும் கார் எடுங்கள். இணையத்தில் நாளுக்கு 5 டாலர் என்று தெரியும் வாடகை, கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்ததும் பல மடங்காகும். முன்பதிவின்போதே காப்பீட்டோடு மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். சுங்கச் சாவடிக்குப் பெசோ ரொக்கம் வேண்டும். பெட்ரோல் போடும்போது மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இறங்கி நின்று பாருங்கள். ஊர்களுக்குள் நுழையும் இடமெல்லாம் வேகத்தடைகள், சிலவற்றில் வண்ணமே இருக்காது. கோபா சாலையில் இருட்டியபின் ஓட்டவேண்டாம்: விளக்கு கிடையாது, நாயும் சைக்கிளும் திடீரென்று முன்னால் வரும்.

சைவம் சாப்பிடுபவர்கள் 'சின் கார்னே' என்றால் இறைச்சி மட்டும்தான் நிற்கும். பீன்ஸை வதக்குவது பல இடங்களில் பன்றிக் கொழுப்பில். 'சின் மன்தேகா' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மேசையில் வைக்கும் பச்சை நிறச் சட்னி பார்க்க சாதுவாக இருக்கும். ஹபனேரோ மிளகாயில் அரைத்தது. காரம் நமக்குப் பழக்கம்தானே என்று கரண்டியால் ஊற்றிக்கொள்ள வேண்டாம்.

நாள்களை அடுக்குவது

டிசம்பர் முதல் மார்ச் வரை, சீக்கிரம் எழும் கூட்டம் என்றால்: முதல் நாள் வந்த களைப்பில் அசுல் செனோட்டேயும் ஐந்தாம் அவென்யூவும். இரண்டாம் நாள் கோசுமெல், வடகாற்று இல்லையென்றால்; இருந்தால் மூன்றாம் நாளோடு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் சிச்சேன் இட்சா. நான்காம் நாள் காலை துலும், வெயில் ஏறியதும் கிரான் செனோட்டே. கோடையில் வருபவர்கள் பிளாயா கடற்கரைக்கு என்று தனி நாள் ஒதுக்கவே வேண்டாம். அதைக் கோசுமெல்லுக்குக் கொடுங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சூறாவளிக் காலத்தின் உச்சம். அந்த மாதங்களில் திரும்பப்பெறக்கூடிய முன்பதிவுகளை மட்டும் செய்யுங்கள், இஷ்கரெட் சீட்டை முந்தைய நாள்தான் வாங்குங்கள். முதியவர்களோடு, தாமதமாகக் கிளம்பும் குடும்பத்துக்கு இஷ்கரெட் ஒரு நாள், கோபா ஒரு நாள், அசுல் ஒரு நாள், மீதி ஒன்றைச் சும்மா விட்டுவிடுவது நல்லது.

கோசுமெல்லில் காற்றுக்குடுவையோடு ஆழத்தில் முக்குளிக்கும் எண்ணம் இருந்தால் அந்த நாளைக் கடைசியில் வைக்காதீர்கள். ஒருமுறை முக்குளித்த பின் விமானமேற 12 மணி நேரமாவது, பல முறையென்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லையேல் உடலில் கரைந்த நைட்ரஜன் விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். முகமூடிக் கண்ணாடியோடு நீர்மட்டத்தில் மிதப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.